சாட்சிவாய்

குழாயைத் திறந்ததும் தொட்டியில் மாட்டிவிடக் கூடாது. முதலில் வருவது இரவெல்லாம் இரும்புக்குள் கிடந்த தண்ணீர். அதை வாய்க்காலில் விட்டு, விரலுக்குக் குளிர்ச்சி தட்டும் வரை பொறுக்க வேண்டும். பிறகு குழாயின் மூக்கைக் குளோரின் துணியால் துடைக்க வேண்டும். வண்டிக்காரர் கொண்டுவந்த வெள்ளைக் குழாயின் இரு முனைகளிலும் மூடி இருக்கிறதா, அவிழ்க்கும்போது முனை தரையில் பட்டதா என்று பார்க்க வேண்டும். பட்டிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. மேட்டுக்கணவாய் நீர்த்துறையில் மங்கையர்க்கரசியின் காலைகள் இப்படித்தான் தொடங்கின.

“போதும்மா, நல்லாக் குளிர்ந்துடுச்சு” என்று அன்றைய முதல் வண்டிக்காரர் கெஞ்சினார்.

“இன்னும் வெதுவெதுப்பு இருக்குங்க. பொறுங்க. தண்ணி எங்கயும் ஓடிப் போயிடாது.”

“ஓடித்தான் போவுது, அந்தா, வாய்க்கால்ல.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மங்கையும் சிரித்தாள். வாய்க்காலில் போவது துறையின் அடித்தொட்டிக்குத் திரும்பி வடிகட்டியில் ஏறிவிடும். ஆனால் அது அந்த வண்டியின் பங்கில் கழிந்துவிடும். அவர் கவலை அது.

கடல் உள்ளே ஏறி ஆற்றுமுகங்கள் எல்லாம் உப்பாகிப்போன தலைமுறையில், மக்கள் வீடுகளுக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டார்கள். எந்தத் துறையின் தண்ணீரும் ஒரு கூட்டத்தை நிரந்தரமாகத் தாங்காது. ஓரிடத்தில் நிரப்பி, அது தீருவதற்குள் அடுத்த இடம் போய்ச் சேர வேண்டும். சமையலறை, கட்டில், கூரையில் சூரியத்தகடு, தரைக்கு அடியில் நல்ல தண்ணீர்த் தொட்டி. இவ்வளவும் சேர்ந்தது வண்டிவீடு. முப்பது நாற்பது வண்டிவீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஓர் இழுபொறி இழுத்துச் செல்லும். அதைச் சரம் என்றார்கள். சரத்தில் கோத்தவனுக்குத்தான் சாலை. தனி வண்டிக்கு இழுப்பும் கிடையாது, துணையும் கிடையாது.

நிரப்பி முடித்த பிறகுதான் மங்கையின் உண்மையான வேலை. வண்டிக்காரர் தன் சமையலறைக் குழாயில் ஒரு குவளை பிடித்துக் கொண்டுவந்து இரண்டு கைகளாலும் நீட்டுவார். மங்கை அதைக் குடிப்பாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணை மூடிச் சற்று நிற்பாள்.

தொட்டிக்காய்ச்சலின் கிருமி குழாய்களின் உட்சுவரில் வழவழப்பாகப் படிந்து ஒளிந்துகொள்ளும். தொட்டிக்குள் பொருத்திய நீர்க்கண் என்னும் சென்சார் குளோரின் அளவைச் சொல்லும், கலங்கலைச் சொல்லும். இந்தக் கிருமியை மட்டும் அதனால் பார்க்க முடியாது. அந்தக் காய்ச்சலில் விழுந்து பிழைத்தவர்களின் தொண்டைக்குத்தான் அது தெரியும். அவர்களுக்கு நோய் மறுபடி வராது. ஆனால் கிருமியுள்ள தண்ணீர் இறங்கினால், இரும்பைச் சுரண்டியது போல ஒரு கசப்பு அடித்தொண்டையில் ஏறும். அப்படிப் பிழைத்தவர்களைத் தேடிப்பிடித்து அரசு துறைதோறும் அமர்த்தியது. பதவியின் பெயர் சாட்சிவாய். சாட்சிவாய் தலையசைத்தால் வண்டியில் நீல முத்திரை விழும். முத்திரை விழுந்தால்தான் சரத்தின் கொக்கி பூட்டும். ‘கசக்குது’ என்று சொல்லிவிட்டால் எந்தக் கருவியாலும் அதை மறுக்க முடியாது.

இத்தனை ஆண்டுகளில் மங்கை அந்தச் சொல்லைப் பொய்யாகச் சொன்னதே இல்லை. ஒரே ஒரு பொய்யை மட்டும் ஒருவருக்காகச் சேர்த்து வைத்திருந்தாள்.

முற்பகலில் வடக்குச் சாலையில் புதிய சரம் ஒன்று இறங்கி வந்தது. ஒவ்வொரு சரத்தின் பெயர்ப்பலகையையும் வாசிப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்ட ஒன்று. இதையும் வாசித்தாள். கழிமுகச் சரம். அவள் கையிலிருந்த குளோரின் துணியிலிருந்து சொட்டிய நீர் காலில் விழுந்துகொண்டே இருந்தது. அவள் கவனிக்கவில்லை.

அந்தச் சரத்தின் கடைசி வண்டி ஒரு காலத்தில் அவளுடையது. கணவன் எழிலன், மகள் நித்திலா, அவள். தெற்கே உப்பு வெளியோரத்துத் துறை ஒன்றில் இவர்கள் முறை வந்தபோது சரத்தின் வெள்ளைக் குழாய் வெடித்துவிட்டது. துறையை மூடப்போவதாக மணி அடித்தது. சரத்தலைவர் மாசிலாமணி, கழிவுத்தொட்டி கழுவும் சாம்பல் நிறக் குழாயை இழுத்து வந்து இவர்கள் தொட்டியில் தன் கையாலேயே மாட்டினார். “ஒரு தடவைதானே, ஒண்ணும் ஆவாது” என்றார். எழிலன் தடுக்கப்போனதையும், அவன் கையைத் தலைவர் தட்டிவிட்டதையும் சரமே நின்று பார்த்தது.

நித்திலாவுக்குக் காய்ச்சல் கண்டதும் எல்லோரும் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். “தொட்டிய ஒழுங்காக் கழுவுங்கன்னு எத்தன தடவ சொன்னேன், கேட்டாங்களா?” என்றார் அவர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இவர்கள் வண்டியின் கொக்கியைக் கழற்றினார்கள். சரம் வளைவில் திரும்பியபோது, முதல் வண்டியின் சன்னலில் ஒரு சிறுமி இரண்டு கைகளாலும் கண்ணாடியை அடித்து அழுதது மட்டும் தெரிந்தது. நித்திலாவோடு விளையாடும் ஓவியா. மாசிலாமணியின் மகள்.

உப்பு வெளியில் இவர்களிடம் மிஞ்சியிருந்தது அந்தத் தொட்டித் தண்ணீர் ஒன்றுதான். குடித்தாலும் சாவு, குடிக்காவிட்டாலும் சாவு. மூவரும் குடித்தார்கள். வேறொரு சரம் அந்த வழியில் வந்தபோது மங்கைக்கு மட்டும் மூச்சிருந்தது.

மாசிலாமணிக்கு இப்போது முதுகு கூனியிருந்தது. ஆனால் குரல் அதே குரல். “எல்லாரும் வரிசையா நில்லுங்கப்பா. சாம்பல் குழாய் எவன் கையிலயும் இருக்கக் கூடாது” என்று அதட்டிக்கொண்டே வந்தார். மங்கை தலைத்துணியைச் சற்று இழுத்துவிட்டுக்கொண்டாள். அவருடைய வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. குழாய் முனைகளில் மூடி இருந்தது. வடிகட்டி புதிது. நுழைவாயில் ரப்பர் வளையத்தில் பாசியின் நிழல்கூட இல்லை. அவருடைய மகள், வளர்ந்து பெண்ணாகிவிட்ட ஓவியா, பித்தளைக் குவளையைத் தேய்த்துக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தாள். அவர் மங்கையிடம் நீட்டினார்.

மங்கை குடித்தாள். நல்ல தண்ணீர். மலைத்தண்ணீரின் லேசான இனிப்பு தொண்டையில் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டாள். சன்னலில் அழுத சிறுமி நினைவுக்கு வந்தாள். சரம் முழுவதிலும் தனக்காக அழுதது அவள் ஒருத்திதான் என்பதையும் மங்கை நினைத்துப் பார்த்தாள். நினைத்துப் பார்த்தபின்தான் கண்ணைத் திறந்தாள்.

“கசக்குது” என்றாள்.

குரல் நடுங்கும் என்று பயந்திருந்தாள். நடுங்கவில்லை.

மாசிலாமணி முதலில் நம்பவில்லை. பிறகு, தலைவர் என்பதால் தானே முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, பெரிய மனிதத் தோரணையோடு தலையசைத்தார். “சாட்சிவாய் சொன்னா சொன்னதுதான். கழுவிடுவோம்.” வேட்டியை மடித்துக் கட்டினார். தொட்டியைத் திறந்துவிட்டார். நிரப்பிய தண்ணீரெல்லாம் நுரைத்துக்கொண்டு வாய்க்காலில் போயிற்று. குளோரின் கரைசலை ஊற்றி, சமையலறை, குளியலறை என்று ஒவ்வொரு குழாயாகத் திறந்து வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்த்து மூடினார். ஊற வைத்தார். அலசினார். வாசனை போகும் வரை மறுபடி அலசினார். வெயிலில் மூச்சு வாங்கியது. ஓவியா உதவிக்கு வந்தபோது, “நீ தள்ளும்மா” என்றார். மங்கை ஒரு முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து, மற்ற வண்டிகளின் குவளைகளுக்கு அங்கிருந்தே தலையசைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீரைக் கொட்டக் கொட்ட, அவள் நெஞ்சில் என்றோ கெட்டிப்பட்டுப்போன ஏதோ ஒன்று மெல்ல இளகுவது போலிருந்தது. இது இத்தனை சுகமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பங்கில் மிச்சமிருந்தது பாதித் தொட்டிக்குத்தான் வந்தது. இரண்டாவது குவளை வந்தது. குடித்தாள்.

“கசக்குது.”

இம்முறை மாசிலாமணி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். மங்கை தலைத்துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவர் கையில் வாங்கிய வெறும் குவளை வண்டியின் படியில் தட்டி ஒலித்தது.

“மங்கை…” என்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நீ உசுரோட இருக்கேன்னு எனக்குத் தெரியாதும்மா.”

“தெரிஞ்சுக்கணும்னா திரும்பி வந்து பாத்திருக்கலாம் தலைவரே.”

“தொட்டி சுத்தமா இருக்கு. உனக்கும் தெரியும்.”

“எங்க தொட்டியும் சுத்தமாத்தான் இருந்துச்சு.”

“அன்னிக்கு நேரமில்ல மங்கை. துறைய மூடறான். உங்கள வெறும் தொட்டியோடயா கூட்டிட்டுப் போவ முடியும்? நல்லது நெனச்சுத்தான்…”

“குழாய மாட்டினத நான் கேக்கல. அவசரம், மாட்டினீங்க. அப்புறம் சொன்னீங்களே, நாங்க தொட்டிய ஒழுங்காக் கழுவலன்னு. அதத்தான் கேக்குறேன்.”

அவர் உதட்டை நக்கினார். “தலைவன் கையே தப்புன்னு ஆயிட்டா சரம் நிக்காதும்மா. நாப்பது குடும்பம். ஒரு வண்டியா, நாப்பது வண்டியான்னு பாத்தேன்.”

“நானும் அதத்தான் பாக்குறேன்” என்றாள் மங்கை. “ஒரு வண்டிதான்.”

அதற்குள் சரத்தின் துணைத்தலைவன் வேம்பையன் வந்துவிட்டான். தலைவர் பட்டத்துக்கு நெடுநாளாகக் காத்திருப்பவன். பேச்சில் மட்டும் பணிவு. “அம்மா, பொழுது சாயறதுக்குள்ள நாங்க கணவாயத் தாண்டணும். இல்லேன்னா அடுத்த துறையில எங்க முறை போயிடும். மத்த வண்டி எல்லாத்துக்கும் முத்திரை விழுந்தாச்சு. இதுக்கு வேற வழி உண்டா?”

“உண்டு. பிணைவாய்” என்றாள் மங்கை. சரத்து ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “இதுவரைக்கும் காய்ச்சல் வராத ஒருத்தர், இந்த வண்டிக்கு ரத்த உறவு இல்லாதவர், இந்தக் குவளையக் குடிக்கலாம். குடிச்சிட்டு ‘இது நல்ல தண்ணி, என் உசுரு பிணை’ன்னு சொன்னாப் போதும். நான் முத்திரை வெச்சுடறேன். சட்டம் அதுக்கு இடம் குடுக்குது.”

ஓவியா ஓடிப்போய் மூன்றாவது குவளையைப் பிடித்து வந்தாள். மங்கை அதை வாங்கிக்கொண்டு வரிசையோரமாக நடந்தாள். ஒவ்வொரு வண்டி வாசலிலும் நின்றாள். எல்லாம் தெரிந்த முகங்கள். நரை கூடியிருந்தது, பல் விழுந்திருந்தது, அவ்வளவுதான். “நீங்க குடிக்கிறீங்களா? உங்க தலைவர் தொட்டிதானே?” என்று கேட்டாள். ஒருவர் இருமினார். ஒருவர் பிள்ளையை உள்ளே அனுப்பினார். ஒரு காலத்தில் அவளோடு ஒரே அடுப்பில் சமைத்த கஸ்தூரி, கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள்.

“நீ குடிக்கிறியா கஸ்தூரி?”

கஸ்தூரி தலை குனிந்தாள். “எனக்குப் புள்ளைங்க இருக்கு மங்கை.”

“எனக்கும் ஒண்ணு இருந்துச்சு.”

“தெரியும்” என்றாள் கஸ்தூரி. அழுதுவிட்டாள். “அந்தக் குழாய மாட்டினவரு எதையும் மாட்டுவாரு. அவரு தொட்டிய நம்பி நான் எப்பிடிக் குடிப்பேன்?”

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் வரிசையில் யாரும் பேசாமலிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. ‘எந்தக் குழாய்’ என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அன்றைக்கும் தெரிந்திருந்தது. மாசிலாமணி தன் வண்டிப் படியில் நின்றபடி சரத்தின் கடைசி வரை பார்த்தார். தான் அதட்டி, தண்ணீர் காட்டி, சாலை காட்டி வளர்த்த ஜனத்தில் ஒரு கைகூட அந்தக் குவளைக்காக நீளவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் சின்னதாகிப்போனது. மங்கை இத்தனை காலம் கற்பனையில் கண்ட முகத்தைவிட அது நன்றாக இருந்தது.

ஓவியா வந்து அவள் கையிலிருந்த குவளையைப் பிடுங்கினாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். “நல்ல தண்ணி. என் உசுரு பிணை.”

“ரத்த உறவு வாய் செல்லாதும்மா” என்றாள் மங்கை.

“தெரியும்க்கா. நல்ல தண்ணின்னு உங்களுக்கும் தெரியும். அதச் சொல்லத்தான் குடிச்சேன்.”

வேம்பையன் கொக்கியைக் கழற்றச் சொன்னான். இழுபொறி முன்னால் போய் நின்றுகொண்டது. கஸ்தூரியின் வண்டியில் ஓவியாவுக்கு இடம் இருப்பதாக யாரோ சொன்னார்கள். அவள் அப்பாவின் அருகில் போய் நின்றாள். அவர் ஒன்றிரண்டு பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிடப்பட்டவர்கள் சன்னலை மூடிக்கொண்டார்கள். சரம் கணவாய் வளைவில் ஒவ்வொரு வண்டியாக மறைந்தது. புழுதி அடங்க நேரமாயிற்று.

அடங்கியதும் மங்கை அவர்களுடைய வண்டிக்குப் போனாள். யாரையும் கேட்காமல் உள்ளே ஏறி, சமையலறைக் குழாயில் தானே ஒரு குவளை பிடித்துக் குடித்தாள். கீழே இறங்கி வந்து, கதவுக்குப் பக்கத்தில் நீல முத்திரையை ஓங்கி அடித்தாள்.

மாசிலாமணி முத்திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “இப்ப எதுக்கு? பூட்டறதுக்குச் சரம் எங்க இருக்கு?”

“அன்னிக்கு எங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. உங்களுக்கு இருக்கட்டும். நெறைய இருக்கட்டும்” என்றாள் மங்கை. “தண்ணி இருந்து, யாருமே இல்லாம இருக்கறது எப்படின்னு பாருங்க.”

சொந்தச் சரமே கழற்றிவிட்ட வண்டியை வேறு சரங்கள் சேர்த்துக்கொள்வதில்லை. அது சட்டமல்ல, பயம். அப்படிப்பட்ட வண்டி துறைவண்டியாகிவிடும். துறையின் வேலியோரம் நின்றுகொண்டு, வாரந்தோறும் தன் பங்கை நிரப்பிக்கொள்ளலாம். மாசிலாமணியின் வண்டியும் வேலியோரம் நின்றது. மங்கையின் அறைச் சன்னலைத் திறந்தால் தெரியும் தூரம்.

முதல் சில நாட்கள் அவள் அந்தச் சன்னலைத் திறந்தே வைத்திருந்தாள். கிழவர் படியில் உட்கார்ந்திருப்பார். சரம் ஏதாவது வந்தால் எழுந்து வேலிக்கு வருவார். ஏதாவது சொல்வார். வண்டிக்காரர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். மங்கைக்குச் சோறு நன்றாக இறங்கியது. தூக்கமும் வந்தது.

ஆனால் செய்தி சாலையில் இழுபொறியைவிட வேகமாகப் போகும். மேட்டுக்கணவாய்ச் சாட்சிவாய் நினைத்தால் ஒரு வண்டியைச் சாய்த்துவிடுவாள் என்று பேச்சாயிற்று. இப்போதெல்லாம் முதல் தண்ணீர் வாய்க்காலில் போகும்போது யாரும் கேலி பேசவில்லை. முருங்கைக்கீரை, உலர்ந்த மாம்பழம் என்று எதையாவது கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர், அவள் குடித்துக் கண்ணை மூடிய நேரத்தில், “எங்க மேல ஏதும் கோவம் இல்லீங்களே?” என்று கேட்டுவிட்டார். குழாய் முனை தரையில் பட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. தண்ணீரைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அவள் வாயைத்தான் பார்த்தார்கள். ஒருநாள் உண்மையிலேயே ஒரு குவளை கசந்தது. அவள் அதைச் சொன்னபோது அந்த வண்டிப் பெண் தொட்டியைக் கழுவப் போகவில்லை. மங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு, “நாங்க என்னம்மா தப்பு பண்ணினோம்?” என்று கதறினாள். அந்தத் தண்ணீர் உண்மையிலேயே கெட்டது என்று அவளுக்குப் புரியவைக்க மங்கைக்குப் பொழுதெல்லாம் பிடித்தது.

வாரம் முடிந்து வேலியோர வண்டியின் நிரப்பு நாள் வந்தது. மாசிலாமணி எழுந்து வரவில்லை. உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஓவியாதான் எல்லாம் செய்தாள். குழாயைத் திறந்து குளிரும் வரை விட்டாள். முனையைத் துடைத்தாள். நிரப்பினாள். பித்தளைக் குவளையை விளிம்பு வரை நிறைத்து எடுத்துக்கொண்டு, துறை முற்றத்தைக் கடந்து வந்து, இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

மங்கை நீட்டிய கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

தொட்டிக்காய்ச்சல் அவளை ஒன்றும் செய்யாது. ஆனால் தண்ணீரில் கலக்கக்கூடிய கெடுதல் கிருமி ஒன்றுதான் என்றில்லை. குவளைக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. உப்பு வெளியில், அடக்கம் பண்ண ஆளில்லாமல் இரண்டு பேரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வண்டிக் கண்ணாடியில் அவள் பார்த்த கண்கள் அப்படித்தான் இருந்தன. அவை ஒன்றையும் கேட்கவில்லை. எவ்வளவு காலமானாலும் காத்திருக்கத் தயாராக இருந்தன.

“அப்பா சாப்பிடறாரா?” என்று கேட்டாள் மங்கை. ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“இல்லக்கா.”

“பேசறாரா?”

“யாருகிட்டப் பேசுவாரு?” ஓவியாவின் கைகள் இறங்கவில்லை. “குடிங்க. குடிக்கலேன்னா வேணாம்னு சொல்லிடுங்க. நான் கொட்டிட்டு மறுபடி கழுவுறேன். எத்தன தடவை வேணாலும் கழுவுறேன்.”

குடிக்கலாம். அல்லது ஒரு சொல் சொல்லலாம். அந்தச் சொல் மங்கையின் நாக்கிலேயே இருந்தது. அதைச் சொன்னால் இந்தப் பெண் முகம் சுளிக்காமல் கொட்டுவாள், கழுவுவாள், மீண்டும் பிடித்துக்கொண்டு வருவாள். அடுத்த வாரம் வருவாள். அதற்கடுத்த வாரமும். இனி இருவரில் ஒருவர் இல்லாமல் போகும் வரை வாரந்தோறும் இந்தக் குவளை இப்படித்தான் முற்றத்தைக் கடந்து வரும்.

மங்கை குவளையை வாங்கினாள். கண்ணை மூடவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, தண்ணீர் வயிற்றில் இறங்கி அடங்கும் வரை ஓவியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓவியாவும் பார்த்துக்கொண்டு நின்றாள்.